ஒரு விளையாட்டும் ஓராயிரம் தீர்ப்புகளும்

முன்னுரை



"அப்பா, இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கித் தாருங்கள்; விலையும் குறைவு, எல்லாரும் நன்றாயிருக்கிறது என்கிறார்கள்" என்று வீட்டில் அண்ணனோ தம்பியோ கேட்பதை நீங்கள் கண்டிருக்கலாம். மறுநாளே அவனுடைய நண்பன் வந்து, "அதையா வாங்கப் போகிறாய்? அது முன்போல் இல்லை, கெட்டுப் போய்விட்டது" என்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் அதே விளையாட்டை அறிந்தவர்கள்தாம். அப்படியானால் தந்தை யார் சொல்லை நம்புவது?

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊரார் சொல்வதை நாம் தடுக்க இயலாது. ஆனால் அதை எடைபோடக் கற்றுக்கொள்ளலாம். மலிவு விலைக்கு வெளிவந்த ஒரு விளையாட்டைப் பற்றி, அதனை ஆடியவர்களே 11 ஆண்டுகளாகக் கூறிவந்த கருத்துகளை எடுத்துக்கொண்டு, பிறர் கருத்தை எடைபோடும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கிச் சண்டையைக் காட்டும் அந்த விளையாட்டு பள்ளி மாணவியர்க்கு உரியதன்று. அமெரிக்காவின் வயதுத் தர வாரியம் அதனை 17 வயது நிரம்பியோர்க்கும், ஐரோப்பாவின் தர அமைப்பு 18 வயது நிரம்பியோர்க்கும் உரியது என்று குறித்துள்ளது. ஆகவே நாம் இங்கே அதை ஆடக் கற்கப் போவதில்லை. ஆடியவர்கள் சொன்னதைக் கேட்கக் கற்கப் போகிறோம்.

விளையாட்டின் பிறப்பு

அதன் பெயர் "கவுண்டர் ஸ்டிரைக்: குளோபல் ஆஃபென்சிவ்". இதன் மூதாதை 1999ஆம் ஆண்டில் பிறந்தது. கனடா நாட்டில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த மின் லே என்ற வியட்நாமிய வம்சாவளி மாணவர், தோழர் ஒருவருடன் சேர்ந்து, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த "ஹாஃப் லைஃப்" என்னும் விளையாட்டின் மேல் இதனை அமைத்தார். ஓய்வு நேரத்தில் செய்த அந்த வேலை காசின்றிப் பரவியது. வால்வ் நிறுவனமே அதனை ஏற்று, 2000ஆம் ஆண்டில் கடைக்குக் கொண்டுவந்தது. பின்னர் 2004இல் "சோர்ஸ்" என்ற புதிய பதிப்பும் வந்தது.

நாம் பேசப்போகும் பதிப்பு 2012 ஆகஸ்ட் 21ஆம் நாள் வெளியாயிற்று. அக்காலத்தில் பெரிய விளையாட்டுகள் 60 டாலர் அளவில் விற்றன. இதன் விலையோ 14.99 டாலர், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அதனால்தான் இதனை மலிவு விலை விளையாட்டு என்கிறோம்.

ஆடும் முறை

கருத்துகளைப் புரிந்துகொள்ள ஆட்டத்தைச் சற்றே அறிதல் வேண்டும். ஆடுபவர் திரையில் தம் உருவத்தைக் காண்பதில்லை. தாமே களத்தில் நிற்பதுபோல் தம் கண்முன் உள்ளதை மட்டுமே காண்பார். பக்கத்துக்கு ஐவர். ஒரு பக்கத்தார் வெடிகுண்டு வைக்க முயலும் தீவிரவாதிகள். மறுபக்கத்தார் அதனைத் தடுக்கும் காவலர். பாதி ஆட்டத்தில் இரு பக்கத்தாரும் இடம் மாறிக்கொள்வர். ஒரு சுற்று சுமார் இரண்டு நிமிடம். சுடப்பட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும். 16 சுற்றுகளை முதலில் வென்றவரே ஆட்டத்தை வென்றவர்.

வேகமாகச் சுடுவதைவிடத் திட்டமிடுதலே இதில் பெரிது. ஒவ்வொருவர்க்கும் தொடக்கத்தில் 800 டாலர் கற்பனைப் பணம் கொடுக்கப்படும். வென்றால் கூடுதல் கிடைக்கும். தோற்றவர்க்கும் ஒரு தொகை உண்டு. தொடர்ந்து தோற்றால் அத்தொகை 1,400இலிருந்து 3,400 வரை ஏறும். நல்ல துப்பாக்கி ஒன்று 2,700 டாலர். ஐவரில் இருவர் மட்டும் அவசரப்பட்டுச் செலவு செய்தால் அடுத்த சுற்றிலும் குழு முழுவதும் திண்டாடும். எனவே ஐவரும் பேசி, "இந்தச் சுற்றில் யாரும் வாங்க வேண்டாம், சேர்த்து வைப்போம்" என்று முடிவு செய்வர். மாதக் கடைசியில் குடும்பம் நடத்தும் தாய்மார் நன்கறிந்த கணக்குத்தான் இது! ஆடியவர்கள் இவ்விளையாட்டைப் புகழும்போது பெரும்பாலும் இந்தக் கூட்டுத் திட்டத்தையும், அதிர்ஷ்டத்தைவிடப் பயிற்சிக்குப் பலன் கிடைப்பதையுமே புகழ்ந்தனர்.

முதல் தீர்ப்பு: "இது எங்கள் விளையாட்டு அன்று"

2012இல் வெளிவந்தபோது இதனைக் கடுமையாகக் குறை கூறியவர் யார் தெரியுமா? பழைய பதிப்புகளில் ஊறிப்போன தேர்ந்த ஆட்டக்காரர்களே. நடப்பது வேறாயிருக்கிறது, துப்பாக்கி வேறு விதமாக உதைக்கிறது என்று அவர்கள் முறையிட்டனர். 1999ஆம் ஆண்டுப் பதிப்பின் வழிவந்ததை ஆடியோர் ஒரு கூட்டம், 2004ஆம் ஆண்டுப் பதிப்பை ஆடியோர் மற்றொரு கூட்டம். இரு கூட்டத்தாரிலும் பலர்க்குப் புதியது பிடிக்கவில்லை.

பத்தாண்டுகள் ஒரே ஆர்மோனியத்தில் வாசித்தவரிடம் புதிய ஆர்மோனியம் ஒன்றைக் கொடுங்கள். முதல் நாள் அவர் முகம் சுளிப்பார். புதிய பெட்டியில் குறை இருக்கலாம். அவர் விரல்கள் பழையதற்குப் பழகியிருப்பதும் காரணமாயிருக்கலாம். இங்கே இரண்டுமே உண்மையாயிருந்தன. செய்தவர்கள் முறையீட்டைக் கேட்டுப் பல திருத்தங்கள் செய்தனர்; ஆடியவர்களின் கைகளும் பழகின. சில ஆண்டுகளுக்குள் அதே தேர்ந்தவர்களில் பெரும்பாலோர் புதிய பதிப்புக்கே வந்துவிட்டனர்.

முதல் நாள் கருத்து பொய்யன்று. ஆனால் அது முதல் நாள் கருத்து மட்டுமே என்பதை இதனால் அறிகிறோம்.

இரண்டாம் தீர்ப்பு: "15 டாலருக்கு இதைவிட என்ன வேண்டும்?"

2013 ஆகஸ்டில் துப்பாக்கிகளுக்கு வண்ண அலங்காரம் செய்யும் வசதி சேர்க்கப்பட்டது. ஆடுவோர் தொகையும் பெருகத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் சுவீடனில் நடந்த பெரும்போட்டிக்கு, ஆடுவோர் செலவிட்ட பணத்தின் ஒரு பங்கைக்கொண்டு 250,000 டாலர் பரிசு திரட்டப்பட்டது. அதே மாதத்தில், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் விற்பனை நிலையத்தில் விளையாட்டை வாங்கியவர்கள் தம் கருத்தை எழுதும் முறையும் தொடங்கிற்று. "பரிந்துரைக்கிறேன்", "பரிந்துரைக்கவில்லை" என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து காரணம் எழுதலாம். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் பக்கத்திலேயே காட்டப்படும். இது மிக நல்ல ஏற்பாடு. ஒருவர் எவ்வளவு தெரிந்துகொண்டு பேசுகிறார் என்பதை அது ஓரளவு காட்டிவிடுகிறது.

பெரும்பாலோர் விளையாட்டைப் பாராட்டினர். ஆயிரம் மணி நேரம் ஆடியவர்க்கு மணிக்கு ஒன்றரை சென்ட்தான் செலவு என்று கணக்குப் பார்த்தால் இதைவிட மலிவு வேறு ஏது? ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு விட்டுப்போயின.

ஒன்று, பெட்டிகள். ஆட்டத்தின் முடிவில் பூட்டிய பெட்டிகள் கிடைக்கும். அவற்றைத் திறக்கும் சாவியின் விலை 2.49 டாலர், இது கற்பனைப் பணம் அன்று, மெய்யான பணம். உள்ளே என்ன அலங்காரம் இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது. ஆறு சாவிகள் வாங்கினால் 14.94 டாலர்; விளையாட்டின் விலையே ஆகிவிட்டது! அந்த அலங்காரங்களைப் பணயமாக வைத்துச் சூதாடும் இடங்கள் பிறரால் நடத்தப்பட்டன. 2016இல் வழக்குகள் எழுந்தன. வால்வ் நிறுவனமும் அவ்விடங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், இவ்விளையாட்டின் பெட்டிகள் தன் நாட்டுச் சட்டத்துக்கு மாறானவை என்று முடிவு கூறியது.

மற்றொன்று, அந்த ஆயிரம் மணி நேரமே. ஒரு நாளுக்கு இரண்டு மணி என்றால் அது 500 நாள். மணிக்கு ஒன்றரை சென்ட் என்பது பணத்தின் கணக்கு. இளமையின் கணக்கு அன்று. "மலிவு" என்று ஒருவர் சொல்லும்போது எதனை விலையாகக் கொடுத்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

மூன்றாம் தீர்ப்பு: "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்"

2018 டிசம்பர் 6ஆம் நாள் இவ்விளையாட்டு இலவசமாக்கப்பட்டது. விலை இல்லை என்றால் எல்லாரும் மகிழ வேண்டுமல்லவா? நடந்ததோ வேறு. சில நாட்களுக்குள் "பரிந்துரைக்கவில்லை" என்ற கருத்துகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. முன்னரே காசு கொடுத்து வாங்கியவர்கள் கோபங்கொண்டனர்.

இவ்விடத்தில் நமக்குத் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை நினைவுக்கு வருகிறதல்லவா? விடியற்காலையிலிருந்து உழைத்தவர்கள், மாலையில் வந்தவர்க்கும் அதே கூலி கிடைத்தபோது முறுமுறுத்தார்கள். அவர்களுடைய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அதுபோல, முன்பு வாங்கியவர்கள் தாம் ஆடி மகிழ்ந்த ஆறாண்டுகளை இழந்துவிடவில்லை. அவர்களுக்கு "பிரைம்" என்ற சிறப்புத் தகுதியும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. எனவே கோபத்தின் ஒரு பகுதி பிறர் பெற்ற நன்மையைக் கண்டு எழுந்த வருத்தமே.

ஆனால் முழுவதும் அப்படியன்று; நாமும் அவசரப்பட்டுத் தீர்ப்பிடக் கூடாது. மோசடி மென்பொருள் வைத்துச் சுவருக்கு அப்பால் உள்ளவரையும் கண்டு சுடும் ஏமாற்றுக்காரர்கள் இவ்விளையாட்டில் எப்போதும் தொல்லையாயிருந்தனர். விலை இருந்த காலத்தில், பிடிபட்டு விலக்கப்பட்டவன் மீண்டும் நுழைய மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அந்த 15 டாலர் ஒரு வேலியாக நின்றது. வேலியை எடுத்துவிட்டால் ஆடுகள் மட்டுமா உள்ளே வரும்? இந்தக் கவலை நியாயமானது. ஆக, ஒரே குரலில் பொறாமையும் நியாயமும் கலந்து ஒலித்தன. கேட்பவர் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். அரிசியில் கல் இருக்கிறது என்று அரிசியை எறிவாரில்லை. அரிசியாயிற்றே என்று கல்லோடு உலையில் இடுவாரும் இல்லை.

2023 மே மாதத்தில் ஒரே நேரத்தில் 18 இலட்சம் பேருக்கு மேல் இதனை ஆடினர். அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் இவ்விளையாட்டு எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் "கவுண்டர் ஸ்டிரைக் 2" வைக்கப்பட்டது. பழைய கருத்துகள் மட்டும் புதிய விளையாட்டின் பெயருக்குக் கீழேயே தங்கிவிட்டன. 2014இல் ஒருவர் எழுதிய புகழ்ச்சி, இன்று வாங்க நினைப்பவர் முன் நிற்கிறது. அவர் புகழ்ந்த பொருளோ அங்கே இல்லை!

பேசாதவர்கள்

இதுவரை பேசியவர்களைக் கேட்டோம். பேசாதவர்களும் உண்டு.

இவ்விளையாட்டில் ஒரு குழுவினர் ஒலிவாங்கி வழியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வர். பெண் குரல் கேட்ட மாத்திரத்தில் இழிவாகப் பேசத் தொடங்குவோர் உண்டு என்று ஆடிய பெண்கள் பலர் கூறியுள்ளனர். குரல் கொடுத்துத் திட்டமிட வேண்டிய ஆட்டத்தில் குரலையே மறைத்துக்கொண்டு ஆடியவர்கள் உண்டு. ஆட்டத்தை விட்டே விலகியவர்களும் உண்டு. விலகியவர் கருத்து எழுதுவது அரிது. ஆகவே, "பெரும்பாலோர் பாராட்டுகின்றனர்" என்னும்போது, அப்பெரும்பாலோர் தங்கி நின்றவர்களே என்பதை மறக்கலாகாது. 2020 பிப்ரவரியில், இழிசொல் பேசுவதாகப் பலரால் முறையிடப்பட்டவரின் குரல் பிறர்க்குக் கேளாதபடி அடைத்துவைக்கும் முறை வந்தது. 2022இல் பெண்களுக்கென்றே "இம்பாக்ட்" என்ற போட்டித் தொடர் தொடங்கப்பட்டது. குறை இல்லாதிருந்தால் இத்தகைய ஏற்பாடுகள் தேவைப்பட்டிரா.

ஆடியவர்கள் எழுப்பாத மற்றொரு கேள்வியும் உண்டு. சுடுவதையும் கொல்வதையும் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா என்பதே அது. உள்ளே இருப்பவர் அதனை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்; ஆதலால் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அக்கேள்வியை வெளியே நிற்கும் பெற்றோரும் வயதுத் தர வாரியமுமே கேட்கின்றனர். ஆடியவர் சொல்லால் துப்பாக்கி எப்படி உதைக்கிறது என்பதை அறியலாம். அது நம் பிள்ளைக்கு வேண்டுமா என்பதை அவர் சொல்லால் மட்டும் அறிய இயலாது.

நீதிபதிகளான ஆட்டக்காரர்கள்

குறைகளையே சொல்லி முடித்துவிடக் கூடாது. இவ்விளையாட்டிலேயே, தீர்ப்பிடுவது எப்படி என்பதற்கு ஒரு நல்ல பாடம் இருந்தது. 2013ஆம் ஆண்டில், அனுபவம் மிக்க ஆட்டக்காரர்களை நீதிபதிகளாக அமர்த்தும் முறை ஒன்று கொண்டுவரப்பட்டது. மோசடி செய்ததாக முறையிடப்பட்டவரின் ஆட்டப் பதிவு அவர்களுக்குக் காட்டப்படும். ஆடியவர் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். நண்பரா, பகைவரா என்று தெரியாது. பார்த்து முடித்தபின், "ஐயத்துக்கு இடமின்றித் தெளிவு", "சான்று போதாது" என்ற இரண்டில் ஒன்றையே சொல்லலாம். ஒருவர் தீர்ப்பு மட்டும் போதாது. பலர் தீர்ப்பும் சேர்க்கப்படும். முன்பு சரியாகத் தீர்ப்பளித்தவர் சொல்லுக்கு எடை அதிகம்.

கவனியுங்கள். கோபத்தில் "மோசடி!" என்று கூவிய அதே மனிதர்கள், பெயரை மறைத்துப் பதிவை முழுதும் பார்க்கச் சொன்னபோது நிதானமாக ஆராய்ந்தனர். "சான்று போதாது" என்று சொல்லவும் அவர்களுக்கு ஒரு வழி வைக்கப்பட்டிருந்தது. நம் பேச்சில் அந்த இரண்டு சொற்களுக்கு எத்தனை முறை இடம் கொடுக்கிறோம்?

நான்கு கேள்விகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, எந்தக் கருத்தைக் கேட்டாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

1. சொல்பவர் யார்? எவ்வளவு அறிந்து சொல்கிறார்?

2. எப்போது சொன்னார்? அவர் கண்டது இன்றும் அப்படியே உள்ளதா?

3. பொருளைப் பற்றிச் சொல்கிறாரா, தம் மனவருத்தத்தைப் பற்றிச் சொல்கிறாரா? இரண்டும் கலந்திருந்தால் எது எவ்வளவு?

4. யார் பேசவில்லை? ஏன்?

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மட்டுமன்று. வாங்கும் புத்தகத்துக்கும், சேரும் கல்லூரிக்கும், பார்க்கும் திரைப்படத்துக்கும் இவை பொருந்தும்.

முடிவுரை

கேட்பவர் கடமையைச் சொன்னோம். சொல்பவர் கடமையும் உண்டு. கருத்துச் சொல்வது சான்று பகர்வதாகும். பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை நீதிமன்றத்தில் நிற்பவர்க்கு மட்டும் உரியதன்று. புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகள் நூலின் தொடக்கத்திலேயே, பிறர் கூற்றைக் கண்டிக்க முந்தாமல், அதற்கு நல்ல பொருள் காணவே முந்த வேண்டும் என்னும் கருத்தை வைத்திருக்கிறார்.

ஒரு விளையாட்டைப் பற்றித் தவறாகச் சொன்னால் பெரிய நட்டம் இல்லை; 15 டாலரோடு போயிற்று. ஆனால் ஜூன் மாதத்தில் நம் வகுப்பில் புதிதாக ஒரு மாணவி சேர்கிறாள். அவள் வாய் திறக்கும் முன்பே, "அவள் கர்வக்காரியாம்", "பழைய பள்ளியில் ஏதோ நடந்ததாம்" என்று கருத்துகள் வகுப்பைச் சுற்றி வந்துவிடுகின்றன. சொன்னவள் யார்? எப்போது கண்டாள்? அவள் மனவருத்தம் என்ன? பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவள் யார்? இந்த நான்கையும் அங்கே நாம் கேட்கிறோமா? அவளை மாற்றி வேறொன்று வாங்கிக்கொள்ள முடியாது. அவள் ஓர் ஆன்மா.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழியை மனத்தில் இருத்துவோம். தீர விசாரித்தும் தெரியாதபோது, "சான்று போதாது" என்று சொல்லி அமைதி காக்கவும் கற்போம்.

சிந்தனைக்கு

1. கடந்த மாதம் பிறர் சொல் கேட்டு நீ வாங்கிய பொருள் ஒன்றை நினைத்துக்கொள். நான்கு கேள்விகளில் எதைக் கேட்க மறந்தாய்?

2. "இலவசமானதும் கோபங்கொண்டவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு." இக்கூற்றை ஆதரித்தும் மறுத்தும் பத்துப் பத்து வரிகள் எழுதுக.

3. உன் வகுப்பில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தியிடம் இந்த வாரம் ஒரு கருத்தைக் கேட்டு வா. அவள் சொன்னதில் மற்றவர்கள் யாரும் சொல்லாதது எது?